ஊர் கலையலாமா?

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி! டிசம்பர் 31-ந் தேதி இரவு, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு அடியார்கள் ஏறுவார்கள். 2025 புத்தாண்டுக்கும் அப்படித்தான் ஏறினார்கள். தரிசனம் முடிந்து பத்திரிகையைப் பிரித்தவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. தமிழ்நாட்டில் 16 மாநகராட்சிகளோடு 149 கிராமப் பஞ்சாயத்துகளையும், 41 முனிசிபாலிடிகளோடு 147 பஞ்சாயத்துகளையும் சேர்க்கப் போவதாகச் சர்க்கார் அறிவித்திருந்தது.

சேர்ந்துவிட்டால் பஞ்சாயத்து கலைந்து போகும். ஊர் இருக்கும், ஊருக்கென்று ஒரு தலைவர் இருக்க மாட்டார்.

பட்டணத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் திருத்தணிக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது அல்லவா? ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடிய போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் எல்லையைப் பிரித்துக் கொடுத்தார். அவர் எதை வைத்துப் பிரித்தார், தெரியுமா? ஜில்லாவை வைத்தல்ல, தாலுகாவை வைத்தும் அல்ல. கிராமத்தை வைத்து! இந்தக் கிராமத்தில் தமிழ் பேசுவோர் அதிகமா, தெலுங்கு பேசுவோர் அதிகமா, பக்கத்துக் கிராமத்தோடு எல்லை தொடுகிறதா என்று பார்த்தார். முருகன் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது கிராமக் கணக்கினால்தான்.

சரி, பஞ்சாயத்து கலைந்தால் ஒரு வீட்டு அம்மாளுக்கு என்ன நஷ்டம்? குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால், குடத்தை இடுப்பில் வைத்தபடியே தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். முனிசிபல் சேர்மன் வீட்டுக்கு அப்படிப் போக முடியுமா? பஞ்சாயத்துத் தலைவரை ஊரே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது, அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். சேர்மனைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவுன்சிலர்கள். பெண்களுக்குப் பாதி இடம் இரண்டிலும் உண்டுதான்; ஆனால் ஊருக்கு ஒரு தலைவி இருந்த இடத்தில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்தான் மிஞ்சுவாள். அதைவிடப் பெரிய கவலை நூறு நாள் வேலை. அப்போதிருந்த 2005-ம் ஆண்டுச் சட்டப்படி அது கிராமங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஊர் முனிசிபாலிடி ஆன மறுநாள் மண்வெட்டிக்கு வேலை இல்லை, வீட்டு வரி மட்டும் ஏறும் என்று பெண்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

எதிர்க்கட்சியும் பேசட்டும். பட்டணத்தை ஒட்டிய பல கிராமங்கள் பெயருக்குத்தான் கிராமம். வயலெல்லாம் மனைக்கட்டாகி, சாக்கடைக்கு வழியில்லாமல் கிடக்கின்றன. குப்பை வாரவும் பாதாளச் சாக்கடை போடவும் சின்னப் பஞ்சாயத்தின் கஜானா போதாது. ஜப்பானில்கூட 1999-ல் 3232 ஆக இருந்த நகர, கிராம ஆட்சிகளை இணைத்து இணைத்து 2010-ல் 1727 ஆக்கினார்கள்.

ஆனால் கேட்டுச் செய்ய வேண்டாமா? திருவள்ளூர் ஜில்லா உள்பட பெரும்பாலான ஜில்லாக்களில் பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. அறிவிப்பு வந்ததோ அதற்குச் சில நாள் முன்பு! வீட்டுக்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டை விற்பது பற்றிப் பேசுவது போலத்தான். தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். வாதாடத் தலைவர் இல்லை.

தலைவர் போனாலும் கிராம சபை போகவில்லை. ஜனவரி 26-ந் தேதி, குடியரசு நாளன்று, பல ஊர்களில் சபை கூடி, “எங்களைச் சேர்க்காதே” என்று தீர்மானம் போட்டார்கள். முனிசிபாலிடியில் அப்படி ஊரே கூடி உட்கார்ந்து கை தூக்கும் கிராம சபை கிடையாது.