இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் பவளம்

மேட்டூர் அணை திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நீடாமங்கலத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு முன்னரே வாய்க்காலில் குடியேறி நிற்கும் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். அதுவே வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவில் பிறந்த செடி அது. பூவின் அழகுக்காக மனிதர் அதை நாடு நாடாகக் கொண்டு சென்றனர். இன்றோ கடைமடை வயலுக்குச் செல்லும் நீரை அது மறிக்கிறது. அழகுக்காக அழைத்து வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொள்ளும் இக்கதை கடலிலும் நடக்கிறது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது விலங்கினத்தைச் சேர்ந்தது. வாயைச் சுற்றி உணர்கொம்புகள் கொண்ட சின்னஞ்சிறு உயிர்கள் பல கூடி வாழும் குடியிருப்பே பவளம். கல் பவளம் சுண்ணாம்பால் வீடு கட்டி மெல்ல வளரும். மென்பவளம் அவ்வாறு கட்டுவதில்லை. அதன் ஒவ்வோர் உயிருக்கும் எட்டு உணர்கொம்புகள் உண்டு. வீடு கட்டும் செலவு இல்லாததால் அது தன் ஆற்றலைப் பரவுவதில் செலவிடுகிறது எனலாம்.

கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். சேனியா என்னும் மென்பவளம் கை விரித்து மூடுவதுபோல் ஓயாமல் அசைந்து கண்ணைக் கவரும். நட்சத்திரப் பவளமோ பாறைமேல் ஊதாநிறப் பாயாகப் படர்ந்து பச்சைப் பூக்களாய் விரியும். இவை எளிதில் சாவதில்லை. அதனாலேயே புதியவர்கள் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். சில மாதங்களில் அந்தப் பாய் அண்டையிலுள்ள கல் பவளத்தின்மேல் ஏறிவிடும். கல் பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலொளியில் உணவு செய்து அதற்கு ஊட்டுகிறது. ஒளி மறைந்தால் கல் பவளம் பட்டினியால் மடியும். சில மென்பவளங்கள் நீரில் நச்சுப் பொருள் கலந்தும் அயலாரை வாட்டும்.

இதற்கு வழி என்ன? முதலாவது, பரவும் இனத்தைத் தனிக்கல்லில் வைத்து, சுற்றிலும் மணல் விடவேண்டும். அக்கல் மற்றப் பாறைகளையும் கண்ணாடியையும் தொடலாகாது. இரண்டாவது, தீனியைக் குறைத்து, நீரை முறையாக மாற்றவேண்டும். உரம் மிகுந்த வயலில் களை செழிப்பதுபோல, கழிவு மிகுந்த நீரில் இவை செழிக்கும். மூன்றாவது, களைவதைத் தொட்டிக்குள் செய்யலாகாது. கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டால் என்ன ஆகும் என்பது நம் பெற்றோருக்குத் தெரியும். கல்லை வெளியே எடுத்து, உப்புநீர் வாளியில் வைத்து, அடிப்பாயோடு உரித்துத் தேய்க்கவேண்டும். உதிரும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு நாற்று. நான்காவது, கையுறையும் கண்ணாடியும் அணியவேண்டும். பொத்தான் போன்ற சில பவள இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அத்தகைய கல்லை வெந்நீரில் இட்டு, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே நோயுற்ற நிகழ்ச்சிகள் உண்டு.

எல்லாவற்றினும் முக்கியமானது, வேண்டாததை ஆற்றிலோ கடலிலோ கொட்டாமை. வெனிசுலா நாட்டின் மொச்சிமா கடற்பூங்காவில் இன்று சேனியா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மென்பவளம் பாறைகளை மூடிக்கிடக்கிறது. அது ஆசியக் கடலுக்குரியது. மீன்தொட்டி வணிகத்தின் வழியே அங்கு வந்து சேர்ந்தது.

நம் கடலும் இதற்கு விலக்கன்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. மண்டபம் கரையில் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி வளர்க்கப்படுகிறது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் கெட்டித்தன்மை தரும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. மூங்கில் மிதவையில் அதனை வளர்த்துப் பிழைக்கும் மீனவப் பெண்கள் பலர். ஆனால் குருசடைத் தீவில் அப்பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து கொல்வதை அறிவியலார் 2008இல் வெளியிட்டனர். கையால் பறித்து அகற்றினாலும், விடுபட்ட துண்டுகள் மீண்டும் தழைக்கின்றன.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பாசி வளர்க்கும் தாய் தன் பிள்ளைகளுக்குச் சோறு தேடுகிறாள். பவளப் பாறை மடிந்தாலோ, அதில் குஞ்சு பொரித்து வளரும் மீனும் குறையும்; அப்போது பசிப்பதும் அதே கரையிலுள்ள பிள்ளைகள்தாம். ஆகவே தொழிலும் வேண்டும், பவளமும் வேண்டும். எங்கே வளர்ப்பது, எங்கே வளர்க்கக்கூடாது என்று வரம்பு கட்டுவதும், அதனைக் கண்காணிப்பதுமே வழி. தொட்டியில் தனிக்கல் வைக்கும் அதே பாடம் இங்கும் பொருந்துகிறது.

2001 முதல் கல் பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலிலும் பவளப் பாறைகளின் அழிவை எண்ணி வருந்துகிறார்.

நமக்குக் கடல் தொலைவு. பவளத்தொட்டியும் நம் வீட்டில் இல்லாதிருக்கலாம். ஆனால் மீன்தொட்டிச் செடி ஒன்றை வாய்க்காலில் வீசும் கை நம்முடையதாகவும் இருக்கக்கூடும். வீசுமுன் வெங்காயத்தாமரையை ஒருமுறை நினைப்போமாக. இறைவன் படைத்த ஒவ்வோர் உயிரும் தன் இடத்தில் அழகே. அந்த இடத்தைக் காத்துத் தருவது நம் கடமை.