அத்தர்: பாட்டிலில் ஒரு வாசம்... உடம்பில் ஒரு வாசம்!

"கடையில மோந்து பார்த்தப்போ அருமையா இருந்துச்சு டாக்டர். வீட்டுக்கு வந்து போட்டா வேற மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

ரம்ஜான் சமயத்திலும் கல்யாண சீசனிலும் என்னிடம் பலர் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. வாசனை எண்ணெயின் குணமே அப்படித்தான். பாட்டிலில் ஒரு முகம் காட்டும். தோலில் பட்டதும் மூன்று முகம் காட்டும். இந்த விஷயம் தெரிந்துவிட்டால் காசும் மிச்சம், தோலும் பத்திரம்.

கல்யாணப் பந்தி கணக்கு

ஒரு சொட்டு அத்தரில் பல பொருட்கள் கலந்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. கல்யாண வீட்டில் பாருங்கள், அவசரக்காரர் இலையை மூடியதும் செருப்பைத் தேடுவார். ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நெருங்கின சொந்தம் பந்தல் பிரிக்கிற வரைக்கும் இருக்கும். வாசனையும் அதே மாதிரிதான்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் 'லிமோனின்' என்ற பொருளின் மூலக்கூறு எடை 136. சந்தனத்தில் இருக்கும் 'சாண்டலால்' எடை 220. எடை குறைந்தது சீக்கிரம் பறந்துவிடும். அதனால் முதல் பத்து, பதினைந்து நிமிஷம் எலுமிச்சை இன வாசனைகள் ஆட்டம் போடும். பிறகு ரோஜா, மல்லிகை மாதிரியான பூ வாசனைகள் மேலே வரும். கடைசியில் மிஞ்சுவது சந்தனம், வெட்டிவேர், பச்சிலை போன்ற கனத்த வாசனைகள். கடையில் நீங்கள் முகர்ந்தது அவசரக்காரரை. வீட்டில் உங்களோடு தங்கியது சொந்தக்காரர்!

தோல் செய்கிற வேலை

நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை இளஞ்சூடாக இருக்கும். அத்தரை ஆவியாக்குகிற அடுப்பே அதுதான். மணிக்கட்டு, கழுத்து, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் தடவினால் வாசனை நன்றாக எழும்பும்.

எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசனை கூடுதல் நேரம் பிடித்து நிற்கும். வறண்ட தோலில் சீக்கிரம் கழன்றுவிடும். வறண்ட தோல்காரர்கள் அந்த இடத்தில் முதலில் ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, அதன் மேல் அத்தரை வைத்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்.

வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. தோலில் வாழும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. அதன் மேல் அத்தர் போட்டால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை வரும். குளித்துத் துடைத்த உடம்புக்குத்தான் அத்தர்.

ஒவ்வொன்றும் ஒரு ரகம்

*சந்தனம்:* தடவிய உடனே, "என்ன, வாசனையே இல்லையே" என்று தோன்றும். அரை மணி நேரம் பொறுங்கள். பால் மாதிரி மெதுவாக எழும்பி, சாயங்காலம் வரை நிற்கும். தடவிய கணமே மூக்கைத் துளைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் அது நல்ல சந்தனமா என்று சந்தேகப்படலாம்.

*மல்லிகை:* இதில் 'இன்டோல்' என்று ஒரு பொருள் உண்டு. துளியூண்டு இருந்தால் பூ மணம். அளவு கூடினால் அந்துருண்டை வாடை. வெயிலில் வாடிய மல்லிகைச் சரம் தலைவலி தருகிறது என்று சில பெண்கள் சொல்வார்களே, அத்தரைக் கூடுதலாகத் தடவினாலும் அந்தக் கதைதான்.

*ரோஜா:* ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். மலிவு விலையில் 'அசல் ரோஜா' என்று யாராவது நீட்டினால், இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

*மண் அத்தர்:* முதல் மழையில் மண் மணக்குமே, அந்த வாசனை. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில், சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் தண்ணீரோடு காய்ச்சி, மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். பூ அத்தர்களுக்கும் அங்கே இதே முறைதான். அதனால் கன்னோஜ் அத்தர் எதைத் தடவினாலும் கடைசியில் சந்தன வாசனை மிஞ்சும். இப்போது சந்தனம் விலை ஏறிவிட்டதால், பலர் திரவ பாரஃபின் மாதிரியான வாசனையில்லாத எண்ணெய்களில் இறக்குகிறார்கள். அதில் மேல் வாசனை போனதும் ஒன்றும் மிஞ்சாது.

*கஸ்தூரி:* கஸ்தூரி மான் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்படும் விலங்கு. கடையில் கிடைப்பது செயற்கைக் கஸ்தூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை: சில வகைக் கஸ்தூரி வாசனை சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது! கணவருக்கு மணப்பது மனைவிக்குத் தெரியாமல் போகலாம். இது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

மூக்கை நம்பாதீர்கள்

ஒரே வாசனையைக் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். "வாசனை போயிடுச்சே" என்று மறுபடி மறுபடி தடவுவோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்தான் பாவம். அவருக்கு ஆஸ்துமா இருந்தால் மூச்சுத் திணறலே வந்துவிடலாம்.

இயற்கைதானே என்று இருந்துவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான். கழுத்தில் கருப்புக் கோடு கோடாக வந்து, "எந்தக் களிம்பு போட்டும் போகல" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன வாசனை எண்ணெய் போடுறீங்க?" என்பதைத்தான். பெர்கமாட், எலுமிச்சை இனத் தோலிலிருந்து பிழிந்தெடுத்த எண்ணெய்களில் வெயிலோடு வினைபுரியும் பொருட்கள் உண்டு. தடவிக்கொண்டு வெயிலில் போனால் அந்த இடம் சிவந்து, எரிந்து, பிறகு கறுத்துவிடும். கறுப்பு மறைய மாதக்கணக்கு ஆகலாம். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது அலர்ஜி. மூடி சரியாக இல்லாமல் காற்றுப்பட்டுப் பழசான எண்ணெயில் லிமோனின், லினலூல் போன்றவை மாற்றமடைந்து அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும். சித்த மருத்துவத்தில் சந்தனம் குளிர்ச்சிதான். ஆனால் கல்லில் இழைத்த சந்தனம் வேறு, காய்ச்சி இறக்கிய எண்ணெய் வேறு. எண்ணெயில் சாரம் பல மடங்கு செறிந்திருக்கும்.

வாங்கும் முன் கவனிக்க

1. காகிதத்திலோ மூடியிலோ முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கடைவீதியைச் சுற்றி வாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

2. ஒரே தடவையில் மூன்று ரகத்துக்கு மேல் பார்க்க வேண்டாம். மூக்கு குழம்பிவிடும்.

3. முதல் உபயோகத்துக்கு முன் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம்.

4. எலுமிச்சை இன வாசனையை வெயில் படும் தோலில் தடவாதீர்கள். ராத்திரி விசேஷத்துக்கு, சட்டையில் மறையும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

5. கைக்குழந்தைக்கு எந்த அத்தரும் வேண்டாம். சவரம் செய்த தோல், புண், கண் அருகில் படக்கூடாது.

6. பாட்டிலை இறுக மூடி, வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

நாகூர் தர்கா வாசலில் வாங்கினாலும் சரி, பெரிய கடையில் வாங்கினாலும் சரி, அவசரப்படாதீர்கள். கடைசி வரைக்கும் தங்குகிற வாசனை எது என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சொட்டு போதும்!