பேட்டரி லைட் எரிஞ்சா பேட்டரிதான் குற்றவாளியா?

நாமக்கல்ல லாரி ஓட்டுற எங்க சித்தப்பா ராத்திரி போன் பண்ணார். "டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட் எரியுதுடா. ரெண்டு பேட்டரியையும் மாத்திடவா?"

"பக் எங்கன்னு பாக்காம கோட மாத்தக் கூடாது சித்தப்பா"ன்னேன்.

அந்த லைட் பெரும்பாலும் சொல்றது 'பேட்டரி செத்துப்போச்சு'ன்னு இல்ல, 'சார்ஜ் ஏறல'ன்னு. லாரியில 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சீரிஸ்ல சேர்ந்து 24. இன்ஜின் ஆஃப்ல, ஃபுல் சார்ஜ்ல, மீட்டர் 25.4 பக்கம் காட்டும். ஓடும்போது 28 பக்கம் ஏறணும். ஏறலைன்னா, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு முதல்ல ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்க. ஓடும்போது ஆல்டர்னேட்டர்ல 28, பேட்டரியில 25னா? நடுவுல கேபிளோ டெர்மினலோதான் சிக்கல்.

பேட்டரிகளைத் தனித்தனியாவும் அளக்கணும். ஒண்ணு 12.7, இன்னொண்ணு 11.9 காட்டினா, அந்த ஒண்ணுல இருந்து மட்டும் மியூசிக் சிஸ்டத்துக்கு 12 வோல்ட் இழுத்திருக்கலாம். அதுக்கு கன்வெர்ட்டர் போடணும்.

சித்தப்பா வண்டியில பெல்ட் தளர்ந்திருந்தது. மெக்கானிக் இறுக்கினதும் 28 வந்துடுச்சு, லைட்டும் அணைஞ்சது. அவசரப்பட்டு பேட்டரி மாத்தியிருந்தா? புதுசும் வழியிலேயே இறங்கி, நடுராத்திரி ஹைவேயில ஹெட்லைட் மங்கியிருக்கும். முதல்ல அளங்க, அப்புறம் மாத்துங்க.