கை நீட்டும் லாரி

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் குப்பை லாரிக்கு ஓர் இடம் உண்டு. காலையில் லாரி வரும். யாரும் இறங்கமாட்டார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீளும், வாசலில் நிற்கும் தொட்டியை அணைத்துப் பிடிக்கும், தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்கும், இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும். லாரி அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். எல்லாம் பத்து நொடி வேலை. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாராவாரம் சன்னலோரம் நின்று பார்த்தவர்கள் உண்டு. பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தப் பத்து நொடி சரியாக நடப்பதற்கு ஊரே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முன்பு அங்கேயும் மனிதர்கள்தான் தூக்கினார்கள். பல ஊர்களில் இன்றும் அப்படித்தான். ஒருவர் லாரியை ஓட்ட, பின்புறப் படியில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வீடு குதித்து இறங்கி, தொட்டியைத் தூக்கி, லாரியின் பின்வாயில் கொட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகள். பொழுது சாய்வதற்குள் ஒருவருடைய முதுகும் தோளும் டன் கணக்கில் எடையைத் தூக்கி இறக்கியிருக்கும். மழைக்கும் பனிக்கும் வெயிலுக்கும் விடுப்பு கிடையாது. பைக்குள் உடைந்த கண்ணாடி இருக்கும், யாரோ போட்டுக்கொண்டு எறிந்த ஊசி இருக்கும். பின்னால் வரும் கார்க்காரருக்குப் பொறுமை இருக்காது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், குப்பை அள்ளும் தொழிலாளர்களில் ஒரு லட்சம் பேருக்கு 41 பேர் என்ற விகிதத்தில் வேலையிலேயே உயிரிழந்திருக்கிறார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் மூன்றரைதான். மரம் வெட்டுவோர், மீன்பிடிப்போர், கூரை வேலை செய்வோர் ஆகியோருக்கு அடுத்த நான்காவது இடம் இவர்களுக்கு.

1968 பிப்ரவரி 1. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், ஒதுங்க வேறு இடமின்றிக் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென்று இயங்கத் தொடங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. அது பழைய, பழுதான லாரி. இரண்டு வாரம் ஆவதற்குள் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் ஊர்வலம் போன படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுக்குத் துணைநிற்க வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை லாரியைப் பற்றிப் பேசும் இடத்தில் கோல், வாக்கர் பெயர்களைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் மனித உடலை எவ்வளவு மலிவாக எண்ணினார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரம் வேறொரு வழியில் யோசித்தது. கோடையில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும் பாலைவன ஊர் அது. அந்த வெயிலில் நாளெல்லாம் தொட்டி தூக்குவது உடம்பு தாங்குகிற வேலையா? நகரத்தின் பொதுப்பணிகளைக் கவனித்துவந்த மார்க் ஸ்ட்ராஜியர், ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலே தொட்டியை எடுத்துக் கவிழ்க்கும் லாரியைச் செய்து பார்க்க முனைந்தார். அமெரிக்க அரசின் நிதியுதவியும் கிடைத்தது. 1960களின் இறுதியில் முதல் வண்டி தெருவுக்கு வந்தது. அதற்கு விழுந்த பெயர் ‘காட்ஸில்லா’. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளில், சில வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றாக, ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டிகளை வைத்தார்கள். சந்து இல்லாத தெருக்களில் வீட்டுக்கு ஒரு தொட்டி, வாசல் பக்கம்.

ஸ்காட்ஸ்டேல் செய்ததில் அந்தக் கையைவிடத் தொட்டிதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதனின் கை எதையும் தூக்கும். வாய் கட்டிய பையை, பழைய பீப்பாயை, அட்டைப்பெட்டியை, உடைந்த நாற்காலியை எது கிடைத்தாலும் அதற்கேற்ப வளைந்து பிடிக்கும். இயந்திரத்துக்கு அந்த அறிவு கிடையாது. அதற்கு ஒரே அளவில், ஒரே வடிவில், ஒரே உறுதியில் ஊர் முழுக்க ஒரு தொட்டி வேண்டும். அது ஒரே மாதிரி நிற்கவும் வேண்டும். ஆகவே இந்த இயந்திரத்தில் பாதி லாரியில் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் வாசலில் நிற்கிறது. அந்த இரண்டாவது பாதியை இயக்குவது வீட்டுக்காரர்.

லாரியிலிருக்கும் பாதியை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் நடைபாதை ஓரம் வலக்கைப் பக்கம் வரும். கையும் அந்தப் பக்கமே இருக்கும். இப்படிப்பட்ட பல லாரிகளில் வலப்பக்கமும் ஒரு ஸ்டீயரிங் வைத்திருப்பார்கள், ஓட்டுநர் தொட்டியை நேராகப் பார்த்து ஓட்டுவதற்காக. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் கை வெளியே நீளும். அதன் நுனியில் இருக்கும் இரண்டு விரல்கள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியைப் போலத் தொட்டியின் இடுப்பைக் கவ்வும். தூக்கிக் கவிழ்த்ததும் மூடி தன் எடையில் தானே திறந்துகொள்ளும். விழுந்த குப்பையை உள்ளே ஓர் இரும்புத் தகடு பின்னுக்குத் தள்ளி அழுத்தும். கேமராவில் இதையெல்லாம் பார்த்தபடி ஓட்டுநர் அடுத்த வீட்டுக்கு நகர்வார். மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். நேரான தெரு, வீடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதி என்றால் ஒரே நாளில் ஆயிரம் வீடுகளையும் முடித்துவிடலாம்.

இனி வாசலுக்கு வருவோம். நகராட்சி தரும் தொட்டியில் மிகப் பெரியது பொதுவாக 96 கேலன், அதாவது 360 லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி. குப்பை நாளுக்கு முந்திய இரவோ அன்று விடியற்காலையோ அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்த வேண்டும். கைப்பிடி வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், மூடியின் கீல் கைப்பிடிப் பக்கம் இருக்கிறது. திருப்பி வைத்துவிட்டால் கவிழ்க்கும்போது மூடி ஒழுங்காகத் திறக்காது, சில சமயம் கீலே உடைந்துபோகும். பக்கத்துத் தொட்டி, தபால்பெட்டி, நிறுத்திய கார் எதுவானாலும் மூன்று நான்கு அடி தள்ளியிருக்க வேண்டும். விரல்கள் விரிந்து கவ்வுவதற்கு அந்த இடம் தேவை. மூடி முழுசாக மூடியிருக்க வேண்டும். நிரம்பி வழிந்தால் தூக்கும்போதே மேலிருப்பது தெருவில் கொட்டும், காற்று அடித்தால் ஊர் முழுக்கப் பறக்கும். குப்பையைப் பையில் கட்டிப் போடச் சொல்வதும் அதற்குத்தான்.

தொட்டிக்கு வெளியே வைத்த பை அங்கேயே கிடக்கும். புதிதாக இந்த முறைக்கு மாறும் ஊர்களில் மக்கள் அதிகம் கோபப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். பண்டிகைக்கு மறுநாள் இரண்டு பை கூடுதலாக வைத்தால் பழைய ஆட்கள் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்த முகம் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. சோஃபா, மெத்தை போன்ற பெரிய சாமான்களுக்கு வேறு நாள், வேறு வண்டி, பல ஊர்களில் முன்கூட்டியே பதிவும் வேண்டும். தூக்கும் வேலை மனிதனின் முதுகிலிருந்து இறங்கியது. கூடவே, எங்கே வைப்பது, எப்படி வைப்பது, எவ்வளவு வைப்பது என்ற பொறுப்பில் ஒரு பங்கு வீட்டுக்காரர் தலையில் ஏறியது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமானது என்றே நான் சொல்வேன். வாரத்துக்கு ஒருமுறை சக்கரத் தொட்டியை இருபதடி தள்ளுவதையும், ஒரு மனிதர் முப்பது வருடம் தினமும் நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் தோளில் தூக்குவதையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் தள்ளவே முடியாதவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயதில் தனியாக வாழும் பாட்டிக்கு, செங்குத்தான வாகனப்பாதையில் நிரம்பிய தொட்டி வாரந்தோறும் வரும் பயம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அப்படித்தான். இதற்காகப் பல நகரங்கள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன: விண்ணப்பித்தால் ஊழியரே வீட்டருகே வந்து தொட்டியை எடுத்துக் காலிசெய்து திரும்ப வைப்பார். விஷயம் தெரியாமலே சிரமப்படுகிறவர்கள் நிறைய. இந்த மாற்றத்தை அறிவிக்கும் நகராட்சி முதல் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்ல வேண்டும்.

நகராட்சிக்கு இதில் என்ன லாபம்? கை வைத்த லாரி விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். ஊர் முழுக்கத் தொட்டி வாங்கித் தரும் செலவு வேறு. அதற்கு எதிராக, ஒரு லாரிக்கு மூன்று சம்பளம் ஒன்றாகிறது, காயத்துக்கான இழப்பீடும் காப்பீடும் குறைகின்றன. மீதியான அந்த இரண்டு பேர் எங்கே போவார்கள் என்ற கேள்வியை யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஓய்வு பெறுவோர் இடத்தை நிரப்பாமல் விடுவது, இருப்பவர்களுக்குக் கனரக உரிமம் எடுக்கப் பயிற்சி தருவது, வேறு துறைக்கு மாற்றுவது என்று பொறுமையாகச் செய்யலாம். ஆட்களை வெளியே அனுப்பிச் சேமிப்பைக் கணக்குக் காட்டுவது எளிது. ஆனால் முதுகு வலிக்க உழைத்தவரின் முதுகைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவருடைய வேலையைப் பறிப்பதை என்னால் ஏற்க முடியாது. அவர் ஓட்டுநர் இருக்கைக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த இயந்திரம் அவருக்கும் பயன்பட்டது. தோள்பலம் தகுதியாக இல்லாத வேலையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் நீடிக்கலாம், பெண்களும் கூடுதலாக வரலாம்.

ஒரே அளவுத் தொட்டி வந்ததும் இன்னொரு வழியும் திறக்கிறது. அளவு தெரிந்துவிட்டால் அளவுக்கேற்ற கட்டணம் வாங்கலாம். சியாட்டில் 1981லேயே தொட்டியின் அளவு, எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. சின்னத் தொட்டி எடுத்தால் காசு குறைவு. இதை நல்ல ஏற்பாடு என்பேன். எல்லாருக்கும் 96 கேலனைக் கொடுத்து ஒரே பணம் வாங்கினால், இடம் இருக்கிறதே என்று அதை நிரப்பத்தான் தோன்றும்.

மறுசுழற்சியில்தான் இந்தக் கை நிஜமாகவே சறுக்கியது. முன்பு தாள், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் சிறு பெட்டிகளில் வைப்பார்கள். எடுப்பவர் கையால் தொட்டுப் பார்ப்பார். எண்ணெய் ஊறிய பீட்சா அட்டையோ குழந்தையின் டயப்பரோ இருந்தால் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போவார். மறுவாரம் வீட்டுக்காரருக்குப் பாடம் புரியும். கை வந்ததும் எல்லாம் ஒரே மூடிபோட்ட தொட்டிக்குள் போனது. ஓட்டுநர் அதைப் பார்க்கும்போது அது ஏற்கெனவே கவிழ்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி உடைந்து தாளோடு கலக்கிறது. சேகரிப்பின் அளவு கூடியது, தரம் இறங்கியது. பல காலம் இந்தக் கலப்படச் சரக்கைச் சீனா வாங்கிக்கொண்டதால் யாரும் கவலைப்படவில்லை. 2018இல் கலப்படம் அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சீனா கதவைச் சாத்தியபோது அமெரிக்க நகரங்கள் திண்டாடின. சில ஊர்கள் மறுசுழற்சிச் சேகரிப்பையே நிறுத்தின. இன்று பல நகரங்களில் ஊழியர்கள் லாரிக்கு முன்னால் நடந்து, மூடியைத் திறந்து பார்த்து, தவறு இருந்தால் ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். கண் பார்த்துக் கை தொட்டுச் செய்த அந்தச் சோதனைக்கு மறுபடியும் மனிதரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. முதலிலேயே அதைத் திட்டத்தில் சேர்த்திருக்கலாம்.

இவ்வளவு பழகிப்போன முறை நியூயார்க்குக்கு ஏன் இத்தனை தாமதமாக வந்தது? காரணம் தெருக்களின் வரைபடத்தில் இருக்கிறது. மன்ஹாட்டனின் கட்டம்கட்டமான தெருக்களை வகுத்த 1811ஆம் ஆண்டுத் திட்டம் வீடுகளுக்குப் பின்னால் சந்துகளை விடவில்லை. குப்பை வாசலுக்குத்தான் வர வேண்டும். 1968 பிப்ரவரியில் ஒன்பது நாள் துப்புரவுப் பணியாளர் வேலைநிறுத்தம் நடந்தது, தெருவெல்லாம் குப்பை மலை. அதையடுத்த ஆண்டுகளில் தகரத் தொட்டி போய் பிளாஸ்டிக் பை வந்தது. அரை நூற்றாண்டாகக் கறுப்புப் பைகள் நடைபாதையில் குவிந்தன, எலிகள் கொழுத்தன. 2024 நவம்பர் முதல் ஒன்பது வீடுகள் வரையுள்ள கட்டடங்கள் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பையை வைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் மேற்கு ஹார்லெமில் பெரிய குடியிருப்புகளுக்காகச் சாலையிலேயே பூட்டுடன் கூடிய பெரிய தொட்டிகளை நிறுத்தி, பக்கவாட்டுக் கை வைத்த லாரியையும் இறக்கினார்கள்.

அந்தத் தொட்டிகள் நிற்பது கார்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில். பணம் கொடுக்காமல் கார் நிறுத்தப் பழகியவர்களுக்கு அது கோபம். என் ஓட்டு தொட்டிப் பக்கம்தான். சாலையோரம் பொதுச் சொத்து. ஒருவருடைய கார் நாள் முழுக்கத் தூங்கும் இடத்தில் ஒரு கட்டடத்தின் குப்பை எலி படாமல் இருக்கிறது, அதை எடுக்க வருபவர் குனிந்து தூக்க வேண்டியதில்லை. நகரம் முழுவதற்கும் இது பரவும்போது இந்தச் சண்டை தெருத்தெருவாக நடக்கும். நடக்கட்டும், அது பேச வேண்டிய சண்டை.