சாகாத வால்வுகள்

இயற்பியல் வகுப்பில் டிரையோடு வால்வு வந்தபோது, "செத்த சரக்கைப் படிப்பானேன்?" என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன். சாகவில்லை நண்பர்களே! மின்கிதார் வாசிப்போர் பலர் இன்றும் வால்வு ஆம்பிளிஃபயரையே நாடுகின்றனர். உள்ளீடு அளவு மீறினால் டிரான்சிஸ்டர் அலையின் முகட்டைச் சட்டென வெட்டிவிடும். வால்வோ மெல்ல மழுக்கும். அந்த மழுங்கலே அவர்கள் விரும்பும் நாதம்.

நல்ல வால்வு கிடைப்பதுதான் பெரும்பாடு. உள்ளிருக்கும் கிரிட் கம்பி சற்றே தளர்ந்திருந்தாலும், அதே பெட்டியில் அதிரும் ஒலிபெருக்கி அதை நடுங்கவைத்து ஊளையிடச் செய்யும். இயங்கும்போது பென்சிலால் தட்டினாலே குட்டு வெளிப்பட்டுவிடும்!

பெயரையும் நம்புவதற்கில்லை. மல்லார்டு வால்வுகள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் உருவானவை. பின்னாளில் அப்பெயர் பொறித்து வந்தவை ரஷ்யாவின் சாரடோவ் நகர ஆலையில் செய்தவை. அமெரிக்காவின் பழைய டங்-சால் பெயரும் அந்த ஆலைக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது, பல பெயர்களில் விற்றவை யாவும் ஒருசேர அரிதாயின. வாங்குவோர் ஸ்லோவாகியாவின் ஜேஜே ஆலையை மொய்த்தனர். பிறகு சாரடோவ் சரக்கு மீண்டும் வந்தது, விலை ஏறி.

நம் ஆய்வகப் பீரோவில் தூசி படிந்த வால்வு ஒன்று கிடக்கிறது. மின்சாரம் கொடுத்துத் தட்டிப் பார்க்க ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.