வேலை முடிந்ததும் கலைய வேண்டிய நோட்ஸ்: ஃபோல்டர் போடலாமா, லேபிள் ஒட்டலாமா?

அப்பாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகள் போனில் நோட்ஸ் செயலியைத் திறக்கிறார். இன்சூரன்ஸ் பாலிசி எண் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியல், நாலு வருடம் முன்பு எழுதியது, ‘குடும்பம்’ ஃபோல்டரில் இருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறெங்கோ. ‘ஆஸ்பத்திரி’ என்று புது ஃபோல்டர் ஒன்றைத் தொடங்கி, எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்துகிறார். இரண்டு வாரம் எந்தத் தேடலும் இல்லை. கேட்டது கேட்டவுடன் கையில்.

அப்பா நல்லபடியாக வீடு திரும்பியாச்சு. “இனிமே இது எதுக்கு?” என்று ஃபோல்டரை டெலீட் செய்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து பல் டாக்டர் கேட்கிறார்: “அப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காது?” செயலியில் தேடினால் ஒன்றும் வரவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வீடு மாறுவது, வேலை தேடுவது, கல்யாண ஏற்பாடு, ஆபீஸில் மூன்று மாத புராஜெக்ட் என எதற்கும் இது நடக்கலாம். கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய குறிப்புகளை எப்படிச் சேர்ப்பது, வேலை முடிந்ததும் எப்படிப் பிரிப்பது?

மண்டபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்

கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடுகிறார்கள். மண்டபத்தைக் காலி செய்ததும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு யாரும் மண்டபத்துக்குக் குடிவருவதில்லை.

ஃபோல்டர் என்பது வீடு. ஒரு குறிப்பு ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். லேபிள் அல்லது டேக் என்பது மண்டபம். குறிப்பு தன் இடத்திலேயே இருக்கும். லேபிளைத் தொட்டால் மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து தெரியும். ஒரே குறிப்புக்கு நாலு லேபிள் ஒட்டினாலும் சிக்கல் இல்லை. மகள் செய்த தவறு ஃபோல்டரை அழித்தது மட்டுமல்ல; மருந்துப் பட்டியலை அதன் வீட்டிலிருந்து கிளப்பியதும்தான்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் வானிவர் புஷ், 1945-இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘மெமெக்ஸ்’ என்ற கற்பனை இயந்திரத்தை விவரித்தார். அதில் ஒரே ஆவணத்தைப் பல ‘தடங்களில்’ கோத்து வைக்கலாம். இன்றைய லேபிளும் லிங்க்கும் செய்யும் வேலை ஏறக்குறைய அதுதான்.

கூகுள் கீப்

2013-இல் வந்த கூகுள் கீப்பில் ஃபோல்டரே கிடையாது; லேபிள்தான். முதல் குறிப்பை அழுத்திப் பிடித்து, தேவையான மற்றவற்றையும் தொட்டுத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் லேபிள் கொடுக்கலாம். அன்றாடம் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் ‘பின்’ செய்தால் அவை மேலே நிற்கும்.

வேலை முடிந்ததும் லேபிளை மட்டும் நீக்குங்கள். குறிப்புகள் அப்படியே இருக்கும். லேபிளுக்குள் போய், எல்லாக் குறிப்புகளையும் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுப்பது வேறு விஷயம். அப்போது குறிப்புகளே குப்பைத்தொட்டிக்குப் போகும். ஏழு நாள் ஆனால் அங்கிருந்தும் நிரந்தரமாக அழிந்துவிடும். “வேணுமா, வேண்டாமா” என்று சந்தேகமாக இருந்தால் ‘ஆர்க்கைவ்’ செய்யுங்கள். முகப்பிலிருந்து மறையும்; தேடினால் கிடைக்கும்.

ஐபோன் நோட்ஸ்

ஆப்பிள் நோட்ஸில் ஃபோல்டர், டேக் இரண்டும் உண்டு. டேக்கும் ஸ்மார்ட் ஃபோல்டரும் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்தன. குறிப்புக்குள் # போட்டு, இடைவெளி இல்லாமல் ஒரு சொல்லை எழுதினால் அது டேக். அந்த டேக் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி ஸ்மார்ட் ஃபோல்டர் ஒன்றை அமைக்கலாம். பார்க்க ஃபோல்டர் மாதிரியே இருந்தாலும் அது ஒரு ஜன்னல்தான். அதை நீக்கினாலும் குறிப்புகள் தங்கள் பழைய ஃபோல்டரிலேயே இருக்கும்.

சாதாரண ஃபோல்டர் அப்படியல்ல. அதை நீக்கினால் உள்ளே இருப்பவையும் சேர்ந்து போகும். ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியில் சுமார் 30 நாள் இருக்கும். அதற்குள் ஞாபகம் வந்தால் மீட்கலாம். பல் டாக்டர் கேட்டது ஆறு மாதம் கழித்து.

“ஐபேடிலும் இருக்குமே” என்று நம்பவும் முடியாது. ஒரே கணக்கில் இணைந்த சாதனங்களில், ஒன்றில் நீக்கியது மற்றதிலும் நீங்கிவிடும். சின்க் வேறு, பேக்கப் வேறு.

ஆப்சிடியன், ஒன்நோட்

ஆப்சிடியனில் குறிப்புகள் உங்கள் சாதனத்திலேயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக இருக்கும். புக்மார்க் பகுதியில் ஒரு குழு தொடங்கி, தேவையான குறிப்புகளை அதில் வைக்கலாம். வெள்ளைப் பலகை போன்ற ‘கேன்வாஸ்’ மீது அவற்றைப் பரப்பியும் பார்க்கலாம். புக்மார்க்கையோ கேன்வாஸ் அட்டையையோ நீக்கினால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்நோட்டில் ஒரு பக்கம் ஒரு பிரிவுக்குள்தான் இருக்கும். அங்கே சுலபமான வழி லிங்க். ‘ஆஸ்பத்திரி’ என்று ஒரே ஒரு பக்கம் தொடங்கி, வேண்டிய பக்கங்களின் லிங்க்கை எடுத்து வரிசையாக ஒட்டினால் போதும். வேலை முடிந்ததும் அந்த ஒரு பக்கத்தை நீக்கினால் குழு கலைந்துவிடும்.

அப்போ ஃபோல்டரே வேண்டாமா?

வேண்டும். அந்த வேலைக்காகவே பிறந்து, அதோடு முடிந்துபோகும் குறிப்புகளுக்கு ஃபோல்டர் பொருத்தம். வார்டு எண், பார்வையாளர் நேரம், யார் எந்த இரவு தங்குவது போன்றவை அந்த வகை. ஏற்கெனவே வேறிடத்தில் இருந்து இரவல் வந்த குறிப்புகளைத்தான் நகர்த்தக் கூடாது.

நகல் எடுத்து வைப்பது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் டாக்டர் சொன்ன புது மருந்தை நகலில் மட்டும் சேர்த்தால், அசல் பழசாகவே நிற்கும். பிறகு எது சரியானது என்று தெரியாமல் குழம்ப வேண்டியதுதான்.

கலைக்கும்முன் பத்து நிமிடம்

தற்காலிகக் குழுவைத் தொடங்குவது சுலபம்; முடிப்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்ட குழுக்கள் வருடக்கணக்கில் பட்டியலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் எரிச்சலில் மொத்தமாக அழிக்கும்போதுதான் வேண்டியதும் சேர்ந்து போகிறது. இதைத் தவிர்க்க நான்கு பழக்கங்கள்:

1. பெயரிலேயே முடிவு தேதி. ‘ஆஸ்பத்திரி’ என்பதைவிட ‘தற்காலிகம்-ஆஸ்பத்திரி-ஜூன்’ நல்லது. எல்லாத் தற்காலிகக் குழுக்களும் ஒரே சொல்லில் தொடங்கினால் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

2. காலண்டரில் ஒரு நாள். குழு தொடங்கும் அன்றே, அதைக் கலைக்கும் நாளுக்கும் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

3. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கேள்வி. ‘அடுத்த வருடம் யாராவது இதைக் கேட்பார்களா?’ ஆம் என்றால் அதன் நிரந்தர இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நீக்கலாம். தெரியவில்லை என்றால் ஆர்க்கைவ்.

4. ஒரு சுருக்கக் குறிப்பு. என்ன சிகிச்சை, எந்தத் தேதி, என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று பத்து வரி எழுதி ‘குடும்பம்’ ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த முறை இருபது குறிப்புகளைத் தேடுவதற்குப் பதில் இந்த ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை: பாஸ்வேர்டு, ஏடிஎம் பின் போன்றவை எந்த லேபிளிலும் இருக்கக் கூடாது. அவற்றுக்குத் தனி பாஸ்வேர்டு செயலிகள் இருக்கின்றன.

இன்று உங்கள் போனில் ஒரு நிமிடம் பாருங்கள். எப்போதோ முடிந்துபோன வேலையின் பெயரில் ஒரு ஃபோல்டர் இன்னும் இருக்கலாம். டெலீட்டைத் தொடும் முன் அதைத் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். அப்பாவின் மருந்துப் பட்டியல் அதற்குள் இருக்கக்கூடும்.