வடக்கு பார்த்த துறைமுகம்: சான் த்ரோப்பே

பிரான்சின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலை ஒட்டி இத்தாலிய எல்லை வரை நீளும் கரைப்பகுதிக்குக் கோத் தஸ்யூர், அதாவது நீலக் கடற்கரை என்று பெயர். அக்கரையில் உள்ள ஊர்களில் உலகெங்கும் பெயர் பெற்றது சான் த்ரோப்பே. ஆயினும் அங்கு ஆண்டு முழுவதும் குடியிருப்போர் சுமார் 4,000 பேர்தான் என்பதும், கோடையில் ஒரே நாளில் வந்து குவியும் கூட்டம் அதைப்போல் பல மடங்கு என்பதும், அவ்வூரைக் காணச் செல்வோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்திகளாகும். திரைப்பட நடிகர்களும் பெருஞ்செல்வர்களும் வந்துபோகும் இடம் என்ற புகழுக்கு வயது எழுபதுதான். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் மீனவர்களும் மாலுமிகளும் வாழ்ந்து, காத்து, கட்டி எழுப்பிய ஊர் அது.

ஊரின் பெயர் தோர்பெஸ் என்னும் புனிதரிடமிருந்து வந்தது. ரோமப் பேரரசன் நீரோவின் காலத்தில் கிறித்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் இத்தாலியின் பீசா நகரில் அவர் தலை வெட்டப்பட்டதாகவும், உடலை ஒரு நாயோடும் சேவலோடும் சேர்த்துப் படகில் ஏற்றிக் கடலில் விட்டுவிட, அப்படகு மிதந்து வந்து இக்கரையில் ஒதுங்கியதாகவும் மரபுக்கதை கூறுகிறது. வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுவது 1470ஆம் ஆண்டைப் பற்றி. தொடர்ந்த போர்களாலும் கடற்கொள்ளையாலும் பாழாகிக் கிடந்த அவ்விடத்தில், இத்தாலியின் ஜெனோவா பகுதியிலிருந்து 60 குடும்பங்கள் வந்து குடியேறின. கரையைத் தாங்களே ஆயுதமேந்திக் காப்பது, அதற்கு ஈடாக வரி ஏதும் செலுத்தாமலிருப்பது என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். பதினான்காம் லூயி மன்னன் 1672இல் அவ்வுரிமையைப் பறிக்கும் வரை, இருநூறு ஆண்டுகள் அவ்வூர் ஏறக்குறைய தன்னாட்சியோடு விளங்கியது.

அந்த ஒப்பந்தத்தின் நினைவை இன்றும் கண்ணால் காணலாம். ஆண்டுதோறும் மே 16 முதல் 18 வரை நடைபெறும் 'பிரவாத்' என்னும் விழாவில், ஊர்ப்படைத் தலைவர் ஒருவர் முன்னே செல்ல, பழங்காலச் சீருடை அணிந்த ஆடவர் புனிதரின் மார்பளவுச் சிலையைச் சூழ்ந்து தெருத்தெருவாக வருகின்றனர். அவர்கள் கையில் இருப்பவை பழைய முறையில் வெடிமருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கிகள். குண்டில்லாமல் மருந்து மட்டும் போட்டு, குழலைத் தரையை நோக்கித் தாழ்த்திச் சுடுவதால், கல் பாவிய குறுகிய தெருவில் ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்ப, நீலப் புகை முழங்காலளவு எழுந்து பின் கூரை வரை பரவுகிறது. இப்படைத் தலைவர் பதவி 1558இல் தொடங்கியது. 1637 ஜூன் 15 அன்று 21 ஸ்பானியப் போர்ப்படகுகளை ஊர்மக்களே விரட்டியடித்த வெற்றிக்கும் தனியாக ஒரு விழா உண்டு. இவ்விரண்டும் பயணிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட காட்சிகள் அல்ல. ஊரார் தமக்காக நடத்திக்கொள்பவை. சான் த்ரோப்பேயை ஒருமுறை மட்டுமே காண வாய்ப்புள்ளவர் ஆகஸ்டு மாதத்தைத் தவிர்த்து மே மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது.

துறைமுகத்தில் உல்லாசப் படகுகளின் வரிசையைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அதைத் தமிழ் வாசகர் சற்று நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சிலைக்குரியவர் பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன் என்னும் கடற்படைத் தலைவர். அவருடைய தந்தை சான் த்ரோப்பேயின் பிரபு. அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரான்சும் பிரிட்டனும் இந்தியப் பெருங்கடலிலும் மோதிக்கொண்டன. பிரான்சு ஹைதர் அலியோடு கூட்டுச் சேர்ந்திருந்த அந்நாளில், சுஃப்ரேன் பிரிட்டிஷ் தளபதி எட்வர்டு ஹியூசை எதிர்த்து 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பாலும், செப்டம்பரில் திருகோணமலைக்கு அருகிலும் போரிட்டார். திருகோணமலைக் கோட்டையையும் கைப்பற்றினார். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே நடந்த கடைசிப் போரின்போது ஐரோப்பாவில் சமாதான உடன்பாட்டின் முதற்கட்டம் முடிந்துவிட்டிருந்தது. செய்தி மட்டும் சோழமண்டலக் கரைக்கு வந்து சேரவில்லை. புதுச்சேரியின் சுஃப்ரேன் வீதி இவர் பெயரால் அமைந்ததே.

இந்தியாவோடு இவ்வூருக்குள்ள தொடர்பு அத்துடன் முடிவதில்லை. 1785இல் இங்கே பிறந்த ழான் பிரான்சுவா அலார், நெப்போலியனின் படையில் பணியாற்றி, அவருடைய வீழ்ச்சிக்குப் பின் கிழக்கே சென்று பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் குதிரைப்படைக்குத் தளபதியானார். இமயமலைச் சாரலிலுள்ள சம்பா நாட்டைச் சேர்ந்த பன்னு பான் தேயி என்ற பெண்ணை மணந்த அவர், 1835இல் மனைவி மக்களைச் சான் த்ரோப்பேக்கு அழைத்து வந்து குடியமர்த்திவிட்டு மீண்டும் பஞ்சாபுக்குப் போய், 1839இல் பெஷாவரில் இறந்தார். கணவரில்லாத அந்நிய மண்ணிலேயே அவள் 1884 வரை வாழ்ந்து மறைந்தாள். அவளுக்காகக் கட்டிய மாளிகை இன்று அவள் பெயரைத் தாங்கிய விடுதியாக இருக்கிறது. அக்கரையின் கதைகளில் இதைவிட நெஞ்சைத் தொடுவது வேறில்லை.

இனித் துறைமுகத்தின் அமைப்பு. அக்கரையின் ஊர்கள் பெரும்பாலும் தெற்கே கடலைப் பார்த்திருக்க, சான் த்ரோப்பே ஒரு வளைகுடாவின் தென்கரையில் அமைந்திருப்பதால் அதன் துறைமுகம் வடக்கு பார்த்தது. இதனால் 'மிஸ்திரால்' என்னும் குளிர்ந்த வடமேற்குக் காற்று நேரே வந்து அறைகிறது. ஆனால் மாலை வெயில் நீர்ப்பரப்பிலும் மஞ்சள், காவி நிற வீடுகளின் மீதும் சாய்வாக விழுந்து நெடுநேரம் தங்குகிறது. இந்த வெளிச்சத்துக்காகவே, 1892இல் தன் பாய்மரப் படகில் வந்திறங்கிய ஓவியர் பால் சின்யாக் இங்கேயே வீடு வாங்கித் தங்கினார். வண்ணங்களைக் குழைக்காமல் சிறுசிறு புள்ளிகளாக அருகருகே வைத்து, பார்ப்பவர் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும்படி விடும் முறையில் அவர் தீட்டினார். 1904ஆம் ஆண்டுக் கோடையை அவரருகே கழித்த ஆன்றி மத்தீஸ் அம்முறையை இங்கே பயின்று பார்த்தார். துறைமுகத்தை ஒட்டிய பழைய சிற்றாலயம் ஒன்றில் 1955 முதல் இயங்கும் அனோன்சியாத் அருங்காட்சியகத்தில் இவர்களுடைய ஓவியங்கள் உள்ளன. ஓவியத்தில் கண்ட அதே கரை, வாசலை விட்டு வெளியே வந்ததும் எதிரே கிடக்கிறது. அந்த இன்பம் எந்தப் பெருநகர அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

பழமையாகத் தோன்றும் துறைமுக வீடுகள் அனைத்தும் பழையவை அல்ல. 1944 ஆகஸ்டு 15 அன்று நேச நாட்டுப் படைகள் இக்கரையில் இறங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மானியர் துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். போருக்குப் பின் புதுப்பாணிக் கட்டடங்களை நாடாமல் பழைய உருவிலேயே அதை மீட்டெடுத்தார்கள். அந்த முடிவு எடுக்கப்படாமல் போயிருந்தால் இன்று பார்க்க வருவோருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருந்திராது.

பின்னர் வந்தது திரைப்படம். ரொஜே வாதிம் இயக்கி, பிரிஜித் பார்தோ நடித்து 1956இல் வெளியான 'கடவுள் பெண்ணைப் படைத்தார்' என்னும் பொருள்படும் பெயருடைய படம் இங்கே படமாக்கப்பட்டது. 1958இல் பார்தோ இங்கேயே கடலோர வீடு ஒன்றை வாங்கினார். படக்குழுவினருக்கு உணவளித்த பம்பலோன் கடற்கரைக் குடில் பெரும் புகழ்பெற்ற உணவகமாயிற்று. போலந்திலிருந்து வந்த ரொட்டிக்காரர் அலெக்சாந்தர் மிக்கா, வெண்ணெய் மிகுந்த மென்ரொட்டியைக் குறுக்கே பிளந்து, நடுவில் பாலாடைக் குழம்பு வைத்து, மேலே கல் சர்க்கரை தூவிச் செய்த பண்டமும் அக்குழுவினரிடையே பேர் பெற்று, ஊரின் பெயரையே சூடிக்கொண்டது. விரல்களில் ஒட்டும் அந்தப் பண்டம் ஒன்றுதான் செல்வரும் சாதாரணப் பயணியும் இன்று அங்கே ஒரே போலச் சுவைப்பது.

ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள பம்பலோன் மணற்கரை உண்மையில் அண்டை ஊரான ரமத்துவேலைச் சேர்ந்தது. கடற்கரையில் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில், மணல்மேடுகளை மீட்பதற்காக அங்குள்ள உணவகங்கள் பின்னே தள்ளி, கழற்றி எடுக்கக்கூடியவையாக மாற்றி அமைக்கப்பட்டன. கடலடியில் புல்வெளிபோல் வளரும் பொசிடோனியா என்னும் தாவரத்தை நங்கூரங்கள் பெயர்த்தெறிந்ததால், 24 மீட்டருக்கும் நீளமான படகுகள் அதன்மீது நங்கூரமிடவும் தடை வந்திருக்கிறது. இவை வரவேற்க வேண்டியவை. வீடுகளின் நிலைதான் கவலைக்குரியது: விலை ஏறிய வீடுகளை வெளியூர்ச் செல்வர்கள் வாங்கி ஆண்டின் பெரும்பகுதி பூட்டி வைப்பதால், ஊரிலேயே பிறந்தவர்களின் பிள்ளைகள் அங்கே குடியிருக்க இயலாமல் போகிறது, மக்கள்தொகை பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. துப்பாக்கி ஏந்திப் புனிதரோடு நடக்க ஊர்ப்பிள்ளைகள் வேண்டும் அல்லவா?

செல்லும் வழி எளிதல்ல. ஊருக்கு ரயில் கிடையாது. சான் ரஃபாயேல் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், கோடையிலோ அச்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். செவ்வாய், சனிக்கிழமைகளில் காலைச்சந்தை கூடும் லீஸ் திடலில், மற்ற நேரங்களில் பிளேன் மர நிழலில் முதியவர்கள் இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடும் பெத்தாங் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அறை வாடகைக்கு அஞ்சுவோர் எதிர்க்கரையிலுள்ள சான்த் மக்சீமில் தங்கி, அங்கிருந்து பயணிகள் படகில் வளைகுடாவைக் கடந்து வரலாம். அப்படி வருபவருக்கு முதலில் தெரிவது குன்றின்மேல் உள்ள பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை, அதன் கீழே கடலை ஒட்டி மாலுமிகளின் கல்லறைத் தோட்டம், அப்புறம் காவியும் மஞ்சளும் பூசிய தேவாலய மணிக்கூண்டு. படகு கரையை நெருங்கும்போதுதான் பாய்மரக் கம்பங்களுக்கிடையே சுஃப்ரேனின் சிலை கண்ணில் படும்.